நீர்ப்பக்கத்து வில்லை

படகுத்துறையின் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு மரப்பலகை ஒன்று மாட்டப்பட்டிருந்தது. அதன் இடப்பாதியின் தலைப்பில் ‘கரை’ என்றும் வலப்பாதியின் தலைப்பில் ‘நீர்’ என்றும் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தார்கள். பாதிக்கு நாற்பத்தெட்டுக் கொக்கிகள். ஏரிக்கரைக் குடியிருப்பில் வீடுகளும் நாற்பத்தெட்டே. வீட்டுக்கு ஒன்றாக, எண் பொறித்த பித்தளை வில்லைகள் அக்கொக்கிகளில் தொங்கின.

அக்குடியிருப்பில் பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. கூடிப் பேச ஒரு மன்றம், அதன் மாடியில் மேசைப்பந்து, பின்புறம் இரண்டு பூப்பந்தாட்டக் களங்கள், நீச்சற்குளம், ஏரியைச் சுற்றி நடைபாதை என்று எல்லாம் இருந்தன. அவற்றை யாரும் எப்போதும் பயன்படுத்தலாம், கேட்பாரில்லை. ஏரிக்குள் நீண்ட மரப்பாலத்தின் முனையில் இருந்த படகுத்துறைக்கு மட்டும் ஒரு முறை உண்டு. படகெடுப்பவர் தம் வீட்டு வில்லையைக் கரையிலிருந்து நீருக்கு மாற்றிவிட்டுச் செல்ல வேண்டும். திரும்பியதும் மீண்டும் கரையில் மாட்ட வேண்டும். எடுத்தவர் எவரோ அவரே மாட்ட வேண்டும். கணவர் எடுத்ததை மனைவிகூடத் தொடலாகாது.

மாலை ஆறு மணிக்குக் காவலர் பலகையைப் பார்ப்பார். நீர்ப்பக்கம் வெறுமையாயிருந்தால் கதவைப் பூட்டலாம். ஒரு வில்லையேனும் எஞ்சியிருந்தால் ஏரியை நோக்கி மூன்று முறை ஊதல் ஊத வேண்டும். நீரில் இருப்பவர் துடுப்பால் படகின் விளிம்பை இரண்டு முறை தட்டி விடை சொல்வார். விடை வராவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் மோட்டார் படகை இறக்கித் தேட வேண்டும். படகுகளை எண்ணுவது காலை வேலை. மாலையில் பலகையே கணக்கு.

காவலருக்கு வயது ஐம்பத்து மூன்று. கழுத்தில் எந்நேரமும் ஊதல் தொங்குவதால் குழந்தைகளுக்கு அவர் ‘விசில் மாமா’. பதினோர் ஆண்டுகளாகக் குளத்துக்கும் துறைக்கும் அவரே பொறுப்பு. மன்றத்துக்குப் பின்னால் இருந்த ஈரறை வீடு அவ்வேலையோடு சேர்ந்து வந்தது. வேலை போனால் வீடும் போகும்.

இருபத்து மூன்றாம் வீட்டுக்காரரைக் குடியிருப்பு முழுவதும் ‘மறதி சார்’ என்று அழைத்தது. அவரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. அவர் கட்டட வரைபடம் வரைபவர். மயிரிழை பிசகாமல் கோடு போடுவார். போட்ட தாளை எங்கே வைத்தோம் என்று வீடெல்லாம் தேடுவார். காலுக்கொரு செருப்பாக அணிந்து வருவது அவருக்கு வாடிக்கை. ஒருநாள் காவலர் அதைச் சுட்டிக்காட்டியபோது, அவர் குனிந்து இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல எது தப்பு?” என்று உண்மையான ஐயத்துடன் கேட்டார்.

அவருடைய மனைவி பல் மருத்துவர். அந்த அம்மையாருக்கு மனிதர்களின் முகத்தைவிடப் பற்களே நினைவில் நிற்கும். நடைபாதையில் எதிர்ப்படுவோரிடம் நலம் விசாரிக்கும்போதும், “அந்தக் கடைவாய்ப் பல் எப்படி இருக்கு?” என்றுதான் தொடங்குவார். காவலரின் வாய்க்குள் அவர் கைபடாத பல்லில்லை.

மறதி சார் வாரத்துக்கு நான்கு நாள் ஏழாம் எண் படகை எடுத்துச் செல்வார். போகும்போது வில்லையைச் சரியாக மாற்றிவிடுவார். திரும்பும்போதுதான் தொல்லை. ஏரியில் ஏதோ ஒரு நாணற்புதரைப் பார்த்து அதன் வடிவத்தை மனத்தில் வரைந்துகொண்டே கரையேறி, வில்லையை நீர்ப்பக்கத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துவிடுவார். காவலர் மூன்று முறை ஊதுவார். விடை வராது. வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பார். மருத்துவர் எடுத்து, சார் இங்கேதான் இருக்கிறார், செய்தித்தாளைத் தலைகீழாய்ப் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பார். சிறிது நேரத்தில் சார் மூச்சிரைக்க ஓடிவந்து, நாற்பது தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு வில்லையை மாட்டிச் செல்வார்.

இப்படி எத்தனையோ நாள்கள் நடந்த பிறகு, அவரை ஓடிவரச் செய்வானேன் என்று காவலர் ஒரு மாலை தாமே வில்லையைக் கரையில் மாட்டினார். அவர் அதை உதவி என்றே எண்ணினார். அடுத்த வாரம் தொலைபேசியில் கேட்பதும் நின்றது. அதற்கடுத்த மாதம் ஊதுவதும் நின்றது. இருபத்து மூன்றை நீர்ப்பக்கத்தில் கண்டால் கை தானாக நீளும், வில்லை இடம் மாறும், கதவு பூட்டப்படும்.

சென்ற ஆண்டு பூப்பந்தாட்ட இறுதிப் போட்டி ஆறு மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. காவலரே நடுவர். ஐந்தரைக்குமேல் வடக்கிலிருந்து காற்று எழும்பி ஏரி முழுவதும் சுருக்கம் விழுந்திருந்தது. படகெடுத்தவர் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். நீர்ப்பக்கத்தில் இருபத்து மூன்று மட்டும் தொங்கிற்று. ‘இன்னைக்குமா சார்?’ என்று தமக்குள் சிரித்துக்கொண்டு காவலர் அதை எடுத்துக் கரையில் மாட்டினார், கதவைப் பூட்டினார், களத்துக்கு ஓடினார். பூப்பந்தாட்டத்தில் ஊதலுக்கு வேலையில்லை. ஆயினும் குழந்தைகள் ஆசைப்பட்டதால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஊதினார். கைதட்டலும் ஊதலுமாக அன்று குடியிருப்பே அதிர்ந்தது.

போட்டி முடிந்து கோப்பை கொடுத்துக்கொண்டிருக்கும்போது மருத்துவர் வந்து, கணவரைக் காணவில்லை என்றார்.

ஏழாம் படகு கவிழ்ந்து மிதந்தது. மூன்றாம் நாள் அக்கரை நாணலில் உடல் கிடைத்தது. வலக்கை மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம் இருந்தது.

விசாரிக்க வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள். இருபத்து மூன்று கரைப்பக்கத்தில் இருந்தது. ‘உறுப்பினர் வில்லையை மாற்றாமலே நீரில் சென்றமையால், அவர் ஏரியில் இருப்பதைக் காவலர் அறிய வழியில்லாமற் போயிற்று’ என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் துறையின் ஏட்டில் எழுதினார். அதற்கு ஒரு வாரம் கழித்துப் பலகைக்கு அடியில் கண்ணாடிச் சட்டமிட்ட ஓர் அறிவிப்பு வந்தது: ‘வில்லையை மாற்ற மறவாதீர். மறதி உயிரைக் குடிக்கும்.’ எவருடைய மறதி என்று எழுதவேண்டிய தேவை இருக்கவில்லை. குழந்தைகள் ஒருவரையொருவர், “மறதி சார் ஆயிடாதே” என்று சீண்டினார்கள்.

காவலர் வாய் திறக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து, அவர் சொன்னபடி வாயை அகலத் திறந்தார். அப்போதும் அந்த ஒரு செய்தி வெளியே வரவில்லை.

*

ஓராண்டு நிறையும் தறுவாயில் மருத்துவர் வீட்டை விற்றுவிட்டார். சனிக்கிழமை காலி செய்கிறார் என்று செயலாளர் திங்களன்று காலை தெரிவித்தார். குடியிருப்பை விட்டுப் போகிறவர் தம் வில்லையைக் காவலரிடம் ஒப்படைத்து ஏட்டில் கையெழுத்திட வேண்டும் என்பதையும் நினைவூட்டினார்.

அன்று மாலை ஆறு மணிக்கு இருபத்து மூன்று நீர்ப்பக்கத்தில் தொங்கிற்று.

குழந்தைகளின் குறும்பு என்று காவலர் எண்ணினார். எடுத்தபோது கை நனைந்தது. வில்லையின் அடியில் பலகைத் தரையில் கையகல ஈரம். அவர் அதைத் துடைத்துக் கரையில் மாட்டினார். மாட்டிய அதே நொடியில் ஏரியின் பக்கமிருந்து தட், தட் என்று இரண்டு ஒலிகள் கேட்டன. பாலத்தின் அடிக்கட்டை ஏதோ ஆட்டங் கண்டிருக்கிறது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மறுநாள் சுத்தியலோடு இறங்கிப் பார்த்தார். எல்லாக் கட்டைகளும் இறுக்கமாகவே இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்தாறு ஆணிகளை அறைந்தார்.

செவ்வாய் மாலையும் வில்லை நீர்ப்பக்கத்தில் இருந்தது. புதனன்று அவர் ஐந்து மணியிலிருந்தே பலகைக்கு எதிரில் முக்காலியைப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். படகு எடுக்க வந்தவர்கள், என்ன மாமா, சினிமா பார்க்கிறீர்களா என்று கிண்டல் செய்தார்கள். ஆறு மணிக்குச் சற்று முன்னர் ஒரு தாய் குளத்தில் நீந்தும் பிள்ளைக்கு மிதவைச் சட்டை கேட்டாள். காவலர் திரும்பி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மறுபடி பார்த்தபோது கரைப்பக்கத்து இருபத்து மூன்றாம் கொக்கி வெறுமையாய் இருந்தது. வலப்பாதியில் அந்த வில்லை இப்போதுதான் எவரோ மாட்டிவிட்டுப் போனதுபோல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் திரண்ட துளி கீழே விழுந்தது.

அந்தத் தாய் எதையும் கவனிக்கவில்லை. மிதவைச் சட்டையின் வார் அறுந்திருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டு போனாள்.

ஒவ்வொரு மாலையும் அவர் வில்லையைக் கரையில் மாட்டினார். ஒவ்வொரு முறையும் ஏரியிலிருந்து இரண்டு தட்டுகள் வந்தன. எவரும் ஊதாமலே விடை மட்டும் வந்துகொண்டிருந்தது. வியாழனன்று அத்தட்டுகளுக்கு இடையே ஒரு தயக்கம் இருந்ததை அவர் உணர்ந்தார், ‘கேட்கிறதா?’ என்று வினவுவதைப் போன்ற தயக்கம். அன்று அவர் வில்லையைப் பலகையில் மாட்டவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அவர் மனைவி அச்சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். வில்லையை அதற்கு முன்பே எடுத்து அவர் வேறு சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளியன்று நல்ல வெயில். போர்வையே காய்ந்து மொடமொடத்தது. மாலையில் துணி எடுக்கப் போனவள் அந்தச் சட்டையைக் கையில் பிடித்தபடி அவர் முன்னால் வந்து நின்றாள்.

“சட்டையெல்லாம் காஞ்சிடுச்சு. பை மட்டும் ஈரமாவே இருக்கு. பையில ஏரியைக் கொண்டுவந்தீங்களா?”

அவர் வியர்வை என்றார். அவள் பையை முகர்ந்து, பாசி வாடை என்றாள். பிறகு, அவர் அப்போது அணிந்திருந்த சட்டையின் பையிலும் அதேபோல் ஈரம் வட்டமாய்ப் படர்ந்திருப்பதைக் கண்டாள். அவர் தடுக்குமுன் உள்ளே இரு விரல்களை விட்டு வில்லையை எடுத்தாள். எண்ணைப் பார்த்தாள். அதை மேசைமேல் வைத்துவிட்டு, தொட்ட விரல்களைத் துண்டில் நெடுநேரம் துடைத்தாள்.

அதன்பின் அவர் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். ஓராண்டாக அவர் உறக்கத்தில் வாயை மூடிக்கொண்டு ஏதோ முனகுவது தனக்குத் தெரியும் என்றும், கேட்டால் விழுங்கிவிடுவாரே என்று கேட்காமல் இருந்ததாகவும் சொன்னாள். மகள் செவிலியர் படிப்பை முடிக்க இன்னும் ஓராண்டு இருக்கிறது, இந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை என்பதை அவர் எடுத்துரைத்தார். அவளுக்கு அது தெரியாதா என்ன?

“நாளைக்கு அந்தம்மா போயிடுவாங்க,” என்றாள். “அதுக்கப்புறம் யார்கிட்டப் போய்ச் சொல்லுவீங்க? துணி காயாத வீட்ல எத்தனை நாள் இருக்கறது?”

மேசைமேல் வில்லையைச் சுற்றி நீர் கோத்து, விளிம்பை நோக்கி ஒரு கோடாக நகர்ந்துகொண்டிருந்தது.

*

சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு இருபத்து மூன்றாம் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டுப் போயிற்று. ஏரியின்மேல் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்ததால் அன்று எவரும் படகெடுக்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு மருத்துவர் மரப்பாலத்தில் நடந்துவந்தார். இடத்தோளில் ஒரு பை. கையில் திருப்பித் தரவேண்டியவற்றின் பட்டியல். நீச்சற்குளப் பெட்டகத்தின் சாவி, உடற்பயிற்சிக் கூடத்து அட்டை, மன்ற நூலகத்தின் புத்தகம் என்று ஒவ்வொன்றாய் மேசைமேல் வைத்து, பட்டியலில் குறியிட்டார்.

“கீழ்க்கடைவாய்ப் பல் எப்படி இருக்கு?” என்றார் வழக்கம்போல்.

பரவாயில்லை என்றார் காவலர்.

“நான் போறேன், இனிமே வேற நல்ல டாக்டரைப் பாருங்க. அதை விட்டுடாதீங்க, உள்ளுக்குள்ளயே அரிச்சிடும்.” பிறகு பட்டியலைப் பார்த்து, கடைசியாக வில்லை ஒன்றுதான் பாக்கி என்றார்.

காவலரின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. பை சில்லென்று நனைந்திருந்தது. வில்லை அதில் இல்லை. அவர் தலை நிமிர்வதற்குள் மருத்துவர் பலகைக்கு எதிரில் போய் நின்றுவிட்டார்.

அது நீர்ப்பக்கத்தில் தொங்கிற்று. ஒரு துளி திரண்டு, நீண்டு, விழுந்தது. கீழிருந்த கண்ணாடிச் சட்டத்தில் பட்டு, ‘மறதி’ என்ற எழுத்துகளின்மேல் வழிந்தது.

“இது ஏன் இந்தப் பக்கம் இருக்கு?” என்று மருத்துவர் கேட்டார். பிறகு அவரே, “பசங்க வேலையா?” என்றார்.

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவர் நம்பியிருப்பார். கையெழுத்திட்டுவிட்டுப் போயிருப்பார். காவலரின் நாக்கு அச்சொல்லின் முதலெழுத்துவரை போயிற்று. ஆனால் மருத்துவர் கைக்குட்டையால் கண்ணாடிச் சட்டத்தைத் துடைக்கத் தொடங்கினார். நோயாளியின் வாயோரத்தைத் துடைக்கும் அதே கவனத்தோடு மூலை மூலையாகத் துடைத்தார்.

“அன்னைக்குக் காலைல பெரிய சண்டை,” என்றார், பலகையைப் பார்த்தபடியே. “காவலருக்கு எத்தனை தொல்லை குடுப்பீங்கன்னு கேட்டேன். இனிமே வில்லையை மறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினார். நான்தான் ரப்பர் பேண்டை மாட்டிவிட்டேன். அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிச்சார். ஒரு நாள். அந்த ஒரு நாள் மறக்காம இருந்திருக்கலாம்.”

“மறக்கலைங்க,” என்றார் காவலர்.

மருத்துவரின் கை நின்றது.

“அவர் மறக்கலை. போறப்போ சரியா மாத்திட்டுத்தான் போனார். நீர்ப்பக்கம்தான் இருந்துச்சு. நான்தான் எடுத்து இந்தப் பக்கம் மாட்டினேன். எப்பவும்போல வீட்டுக்கு வந்திருப்பார்னு நெனச்சேன். மேட்சுக்கு நேரமாயிடுச்சு.”

ஒரு மூச்சில் இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். மருத்துவர் திரும்பவில்லை. பனி பாலத்தின் பாதிவரை வந்துவிட்டிருந்தது. குளத்தின் பக்கமிருந்து யாரோ நீரில் குதிக்கும் ஓசையும் சிரிப்பும் வந்து அடங்கின.

“ஒரு வருஷம்,” என்றார் மருத்துவர். குரல் உயரவில்லை. “ஒரு வருஷமா அவர் படத்துக்கு முன்னாடி நின்னு திட்டிட்டு இருந்தேன். எனக்குக் குடுத்த வார்த்தையை மறந்துட்டீங்களேன்னு. நீங்க என் நாற்காலியில வந்து உட்கார்ந்தீங்க. ரெண்டு தடவை.”

“ஆமாங்க.”

“மூணு தடவை ஊதணும். அதுதானே விதி? அன்னைக்கு ஊதினீங்களா?”

“இங்க ஊதலை. களத்துல ஊதினேன்.”

“அது அவருக்குக் கேட்டிருக்கும்,” என்றார் மருத்துவர். “தண்ணி மேல சத்தம் தெளிவாப் போகும். உங்க விசில்னு தெரிஞ்சிருக்கும். தட்டியிருப்பார்.”

இதைக் காவலர் ஓராண்டாக எண்ணாதிருந்த நாளில்லை. ஆயினும் பிறர் வாயால் கேட்டபோது முக்காலியில் அமர்ந்தார். மருத்துவர் இப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தார்.

“மணி ஆறாச்சு,” என்றார். “நீர்ப்பக்கம் ஒரு வில்லை இருக்கு. எழுந்து ஊதுங்க.”

இருவரும் துறையின் விளிம்புக்குப் போய் நின்றார்கள். பனிக்குள் இரண்டு முழத்துக்கு அப்பால் நீர் தெரியவில்லை. காவலர் ஊதலை வாயில் வைத்தார். முதல் முறை காற்றுதான் வந்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். மூன்று முறை.

ஒலி ஏரியின் மேலே சென்று, அக்கரையில் பட்டுத் திரும்பி, அடங்கிற்று. குளத்தின் சிரிப்பும் அப்போது நின்றிருந்தது.

தட். தட்.

தொலைவில், நாணற்புதர்கள் இருக்கும் திசையில். மருத்துவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். மீண்டும் ஊத வேண்டும் என்று காவலரிடம் எவரும் சொல்லவில்லை. அவர் தாமாகவே ஊதினார். இம்முறை விடை விரைவில் வந்தது. பாதித் தொலைவு குறைந்திருந்தது. தயக்கம் ஏதுமில்லாத, வீடு திரும்புகிறவனின் தட்டு. மூன்றாம் தடவை ஊதியபோது விடை அவர்கள் காலடியிலிருந்து வந்ததுபோல் இருந்தது. நின்றிருந்த பலகையின் வழியாக அது உள்ளங்காலில் ஏறிற்று. பிறகு துறையின் கட்டைகளில் அலை மோதிற்று. படகு ஒன்று வந்து ஒட்டும்போது எப்படி மோதுமோ அப்படி, முதலில் ஒரு பெரிய அலை, பின்னர் மூன்று சிற்றலைகள். படகு எதுவும் வரவில்லை.

அவர்களுக்கு இடையே இருந்த ஒரு முழ இடைவெளியில் குளிர்ந்த காற்று கடந்து சென்றது. அதில் பாசியின் வாடையும் சீவிய பென்சிலின் வாடையும் இருந்தன.

காவலர் கழுத்தைத் திருப்ப முயன்றார்.

“திரும்பாதீங்க,” என்று மருத்துவர் மெல்லச் சொன்னார். “அவரே மாட்டட்டும்.”

அவர்களுக்குப் பின்னால், பலகையின் முன்னே, ஏதோ ஒன்று நின்று தேடிற்று. கொக்கிகளின் வரிசையில் விரல் ஓடுவதைப் போன்ற மெல்லிய கிணுகிணுப்பு. இடையில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கிற்று. தம் எண்ணையே மறந்துவிட்டார் போலும். மருத்துவரின் உதடுகள் ஒலியின்றி ‘இருபத்து மூணு’ என்று அசைந்ததைக் காவலர் கண்டார்.

பித்தளை கொக்கியில் விழும் ஓசை கேட்டது.

அவர்கள் திரும்பியபோது நீர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது. கரைப்பக்கத்தில் நாற்பத்தெட்டும் இருந்தன. காவலர் போய் இருபத்து மூன்றைத் தொட்டுப் பார்த்தார். அது உலர்ந்திருந்தது.

மருத்துவர் மேசைக்கு வந்து ஏட்டைப் பிரித்து அவர் முன்னால் தள்ளினார். பேனாவையும் அவரே திறந்து கொடுத்தார். சென்ற ஆண்டு அந்நாளின் பக்கத்தில், செயலாளர் எழுதியிருந்த வரிகளுக்குக் கீழே, நடந்ததைக் காவலர் எழுதினார்: வில்லை நீர்ப்பக்கத்தில் இருந்தது, அதை எடுத்துக் கரையில் மாட்டியவன் நான், ஊதவில்லை, வீட்டுக்குக் கேட்கவில்லை. கையெழுத்திட்டார். மருத்துவர் அதை மருந்துச்சீட்டைச் சரிபார்ப்பதுபோல் ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பின்னர் பலகைக்கு அடியிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி ஏட்டின்மேல் கவிழ்த்து வைத்தார்.

“நாளைக்கு இது ரெண்டையும் செயலாளர்கிட்ட நீங்களே குடுக்கணும்.”

காலையில் முதல் வேலை அதுதான் என்றார் காவலர். மேலும் ஏதோ சொல்ல அவர் வாயெடுத்தபோது மருத்துவர் கையமர்த்தினார்.

“மன்னிக்கச் சொல்லி இப்பக் கேக்காதீங்க. எனக்கு நேரமில்லை.”

வில்லையை ஒப்படைக்கவில்லையே என்று காவலர் நினைவூட்டினார்.

“இருக்கட்டும். இன்னைக்குத்தானே கரைக்கு வந்திருக்கு,” என்று சொல்லி மருத்துவர் புறப்பட்டார்.

பாலத்தின்மேல் பனி விலகியிருந்தது. அவரை அழைத்துச்செல்லும் கார் வாயிலில் காத்திருந்தது. பாலம் முடிந்ததும் வாயிலுக்கு வலப்புறம் திரும்ப வேண்டும். அவர் இடப்புறம், காலியாகிவிட்ட தம் வீட்டுப் பக்கம் திரும்பினார். மெதுவாக நடந்தார். வழி முழுவதும் அகலமாக இருந்தும் ஓர் ஓரமாகவே நடந்தார். சிறிது தூரம் போனதும், இடத்தோளில் இருந்த பையை வலத்தோளுக்கு மாற்றிக்கொண்டார். இடக்கை விடுபட்டு, உடலிலிருந்து சற்றே விலகித் தொங்கிற்று.

காவலர் சாவியும் கையுமாகக் கதவருகே நின்றார். உலர்ந்த பாலப்பலகைகளின்மேல் மருத்துவர் சென்ற தடம் எதுவும் பதியவில்லை. அவர் நடந்த வழிக்கு இடப்பக்கத்தில், ஈரத்தால் ஆன காலடிகள் வரிசையாகச் சென்றன. ஒன்றில் நேர்க்கோடுகள் பதிந்திருந்தன, அடுத்ததில் சிறு சிறு வட்டங்கள், மீண்டும் நேர்க்கோடுகள், மீண்டும் வட்டங்கள். இரண்டும் வெவ்வேறு செருப்புகள். காவலர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அவற்றுள் எது தவறு என்று அவரால் சொல்ல இயலவில்லை.